ஓட்டைக் குடைக்கு ஏழு அடைமொழி

ஒரு குடை. அதற்கு ஐந்து சொந்தக்காரர்கள்.

ஐந்து பேரும் கவுண்டருக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“என்ன பொருள் காணோம்?”

“குடை.”

“என்ன மாதிரி குடை?”

“கறுப்பு.”

கணினியில் பதிந்திருந்ததும் அதுதான். பொருள்: அம்ப்ரெல்லா. தன்மை: பிளாக். ‘பொருந்துகிறது, கொடுக்கலாம்’ என்று திரை பச்சையாக மின்னியது. ஐந்து பேருக்கும் மின்னியது.

கவுண்டருக்கு உள்ளே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவுக்கு அவர்தான் எழுத்தர், அவர்தான் காவலர், அவர்தான் தூசி தட்டுபவர். வருகிறவர்கள் எல்லாம் ‘காணோம் சார்’ என்றே பேச்சை ஆரம்பித்ததால், அவர் பெயரே காணோம் சார் என்று நின்றுவிட்டது.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. பையைத் தேடி வந்தால், “உள்ளே என்ன இருக்கு?” என்பார். குடையைத் தேடி வந்தால், “எந்தக் கம்பி வளைஞ்சிருக்கும்?” என்பார். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். வாரம் மூன்று சுற்றறிக்கை அனுப்புவார் என்பதால் எல்லாரும் அவரைச் சுற்றறிக்கை என்றே குறிப்பிட்டார்கள். பயணிகளின் உடைமையைத் திறந்து பார்ப்பது நாகரிகமல்ல. அதைப் பற்றிக் கேள்வி கேட்பதும் நாகரிகமல்ல. இனிமேல் பொருளின் பெயரும் அதன் தன்மையும் மட்டுமே பதிய வேண்டும். எல்லாப் பேருந்து நிலையங்களுக்கும் ஒரே கணினி நிரல் என்பதால், ஆங்கிலத்தில்.

காணோம் சார் போனை எடுத்தார்.

“சார், ஒரு குடைக்கு அஞ்சு பேர் வந்து நிக்கறாங்க.”

“எத்தனை அட்ஜெக்டிவ் போட்டீங்க?” என்றார் சுற்றறிக்கை.

“ஒண்ணு சார். பிளாக்.”

“உலகத்துல பாதிக் குடை பிளாக்தான். ஏழு போடுங்க.”

“ஏழா? குடைக்கா சார்?”

“எல்லாத்துக்கும். ஏழுல அஞ்சு கரெக்டா சொல்றவன்தான் ஓனர். எவ்வளவு சிம்பிள் பாருங்க.”

ஐந்து பேரையும் மறுநாள் வரச்சொன்னார். மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள். கூடவே சுற்றறிக்கையும் வந்தது.

அதில் இரண்டு பத்தி. முதல் பத்தி, ஏழு அட்ஜெக்டிவ். இரண்டாவது பத்தியைக் காணோம் சார் இரண்டு தடவை படித்தார். இன்று இருப்பில் உள்ள பொருள்களில் மூன்று மாதத்துக்குள் அறுபது சதவீதமாவது உரியவர்களிடம் சேர வேண்டும். சேராவிட்டால் பிரிவு மூடப்படும். ஊழியர், மலையடிவாரப் பணிமனைக்கு மாற்றப்படுவார்.

அலமாரியில் அன்று நூற்று நாற்பது பொருள்கள் இருந்தன.

மலையடிவாரம் என்றால் பஸ்ஸில் பதினோரு மணி நேரம். அவருக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அதில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது ஆறு வருடம். மீதி எல்லாம் மாற்றல் உத்தரவுகள் தின்றுவிட்டன. இந்த ஊருக்கு வந்த பிறகுதான் மனைவியின் காலைத் தும்மல்கூட அவருக்குப் பழக்கமாயிருந்தது.

மனைவி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வீட்டிலும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று சாயங்காலம் டீச்சர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, காணோம் சார் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

“டீச்சர், எனக்கு அவசரமா அட்ஜெக்டிவ் வேணும்.”

“எவ்வளவு?”

“தொள்ளாயிரத்து எண்பது.”

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார். விஷயம் முழுவதையும் கேட்டார். மாற்றல் என்ற வார்த்தை வந்தபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

“உக்காருங்க. நம்ம மொழியில அழகுக்குப் பின்னாடி ‘ஆன’ போட்டா அழகான. ஆழம்னா ஆழமான. வேலை முடிஞ்சுது. இங்கிலீஷ்ல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒவ்வொரு வால். ரெயின், ரெய்னி. ரஸ்ட், ரஸ்ட்டி.”

“அப்போ அம்ப்ரெல்லா, அம்ப்ரெல்லி.”

“அப்படி ஒண்ணு கிடையாது.”

“ஏன்?”

“கிடையாது, அவ்வளவுதான். அடுத்தது ஃபுல், லெஸ். இருந்தா ஃபுல், இல்லாட்டி லெஸ். ஹோப்ஃபுல்னா நம்பிக்கை இருக்கு. ஹோப்லெஸ்னா நம்பிக்கை இல்லை.”

“இது நல்லா இருக்கே. பிடி இல்லாத குடை ஹேண்டில்லெஸ். ஓட்டை நிறைய இருந்தா ஹோல்ஃபுல்.”

“ஹோல்ஃபுல்லும் கிடையாது.”

“நீயே ஃபுல் போடலாம்னே. நான் போட்டா மட்டும் கிடையாதா?” அவர் நோட்டில் ஹோல்ஃபுல் என்று எழுதி அடிக்கோடும் போட்டார். “சரி, போரிங், போர்ட்னு ரெண்டு இருக்கே, அது ரெண்டும் ஒண்ணுதானா?”

“நீங்க பேசறது போரிங். கேக்கற நான் போர்ட்.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

“கடைசியா ஒண்ணு. ஏழையும் இஷ்டத்துக்குக் கலந்துகட்டி அடுக்கக் கூடாது. முதல்ல அபிப்பிராயம். அப்புறம் அளவு, வயசு, வடிவம், நிறம், எங்கே செஞ்சது, எதால செஞ்சது.”

பேனா நின்றது. “அபிப்பிராயம்தான் முதல்லயா? பொருளைச் சரியாப் பாக்கறதுக்கு முன்னாடியேவா?”

“மனுஷங்க அப்படித்தானே இருக்காங்க,” என்று டீச்சர் மறுபடி வெங்காயத்தை எடுத்தார்.

அடுத்த பத்து நாள் காணோம் சார் நூற்று நாற்பது பொருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழு ஏழாகக் கணினியில் ஏற்றினார். ஒருமுறை ஏற்றிவிட்டால் திருத்த முடியாது என்பதால், முதலில் வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பார்ப்பார். ஏற்றிய பிறகும், மறக்காமலிருக்க, சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த ராகத்தில் நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பார்.

“அக்லி, ஸ்மால், ஹோல்ஃபுல், ஓல்ட், ரவுண்ட், பிளாக், ரஸ்ட்டி.” இது ஓட்டைக் குடை.

கவுண்டருக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். பேருந்து நிலையத்தில் ஓடுகிற ஒரே மின்விசிறி அதற்கு மேலேதான். பணியாளர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த பலகையைக் காணோம் சார் என்றைக்கோ திருப்பி வைத்துவிட்டார். அதனால் ஷிஃப்ட் முடிந்த டிரைவர்கள், எதிர்க்கடையில் டீ போடும் அக்கா, எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் தினமும் பேப்பர் படிக்க மட்டும் வரும் பெரியவர் என்று அங்கே எப்போதும் கூட்டம் இருக்கும். லீவு லெட்டரோ மனுவோ எழுத வேண்டுமென்றால் கவுண்டருக்குள் தாளை நீட்டுவார்கள். அவர் எழுதிக்கொடுப்பார்.

“சார், காது வலிக்குது. பாட்டையாவது மாத்துங்க,” என்பார் டீக்கடை அக்கா.

“மாத்தினா நம்பர் தப்பிடும் அக்கா. ஹேண்டில்லெஸ், ஹேண்டில்லெஸ்…”

ஐந்து பேர் பிரச்சினை அடியோடு தீர்ந்தது. இப்போது ஒருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

தன் குடைக்கு ஏழு தன்மை இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. கறுப்பு என்பார்கள். அப்புறம், மழைக்குப் பிடிப்பேன் என்பார்கள். அப்புறம் கோபித்துக்கொண்டு போவார்கள். இரண்டு மாதம் ஓடியதில் பதினாலு பொருள்தான் வெளியே போயிருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் அந்த நர்ஸ் வந்தார். டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தார். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே வேலையாக இருந்தது அவருக்கு.

“ஹேண்ட்பேக் சார். பன்னிரண்டாம் நம்பர் பஸ்ல விட்டுட்டேன்.”

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் வந்த ஹேண்ட்பேக் ஒன்றே ஒன்றுதான். மேல் அலமாரியில் இருந்தது. கிளிப் இறுகிப் போய் யாராலும் திறக்க முடியாத பை. காணோம் சார் அதற்கு அக்லி, ஸ்மால், ஓல்ட், ஸ்கொயர், பிரவுன், லெதரி, ஸ்ட்ராப்லெஸ் என்று ஏற்றியிருந்தார். அசிங்கம், சின்னது, பழசு, சதுரம், பழுப்பு, தோல், வார் இல்லாதது.

“எப்படி இருக்கும்மா?”

“அழகா இருக்கும் சார்.”

அவர் திரையைப் பார்த்தார். “சைஸ்?”

“பெருசு. என் சாமான் அத்தனையும் அதுல அடங்கிடும்.”

“பழசா, புதுசா?”

“வேலைக்குச் சேர்ந்தப்போ வாங்கினது. எனக்கு இன்னும் புதுசுதான்.”

“நிறம்?”

“தேன் நிறம்.”

“அது… வார் இருக்கா?”

“இருக்கே. இப்படி மாட்டிக்குவேன்.” நர்ஸ் இடது தோளைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். வார் பஸ்ஸிலேயே அறுந்திருக்கலாம்.

திரை சிவப்பாக மின்னியது. பொருந்தவில்லை.

“இல்லைம்மா,” என்றார் காணோம் சார். சொல்லும்போது மேல் அலமாரியைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்.

நர்ஸ் சண்டை போடவில்லை. நன்றி சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அந்த நன்றி காணோம் சாரை எங்கோ குத்தியது.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

“ஒரே பை டீச்சர். நான் சின்னதுன்னு எழுதியிருக்கேன், அந்தம்மா பெருசுங்கறாங்க. நான் பழசுங்கறேன், அவங்க புதுசுங்கறாங்க. எங்க ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றது?”

“ரெண்டு பேருமே இல்லை. பைங்கறது பையோட பேரு. அழகு, அசிங்கம், பெருசு, சின்னது எல்லாம் பாக்கறவங்களோடது. பை மேலதான் ஒட்டறோம். ஆனா ஒட்டற கை நம்மோடது.”

“அப்போ நான் பத்து நாளா ரெஜிஸ்டர்ல ஏத்தி வெச்சிருக்கறது?”

“நூத்து நாப்பது பொருளைப் பத்தி உங்க அபிப்பிராயம்.”

மறுநாள் காலை அவர் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். மேல் அலமாரிக்கு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தப் பையின் ஏழு வார்த்தைகளை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

மூன்றாம் மாதத்தின் முதல் நாள் சுற்றறிக்கையிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்த கையோடு காணோம் சார் டீச்சருக்குப் போன் போட்டார்.

“பத்து சதவீதம்தான் ஆகியிருக்குன்னு திட்டறார். இன்னும் எழுபது உருப்படியாவது போகணுமாம். ஒரு மாசத்துல எழுபது எங்கே போகும்? நீ பெட்டி கட்டாதே, நான் மட்டும் போறேன். பழக்கம்தானே.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “அழறியா? வெங்காயமா? பள்ளிக்கூடத்துல ஏது வெங்காயம்?”

வெளியே பெஞ்சில் பெரியவர் பேப்பரைத் திருப்பினார். மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

திங்கட்கிழமை காலை ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் வந்து கவுண்டர் முன்னால் விறைப்பாக நின்றார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். லீவு லெட்டர்கூட காணோம் சார்தான் எழுதித்தர வேண்டும்.

“குடை காணோம் சார்.”

“உன்னோடதா? எப்படி இருக்கும்?”

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். “அக்லி, ஸ்மால், ஹோல்ஃபுல், ஓல்ட், ரவுண்ட், பிளாக், ரஸ்ட்டி.”

திரை பச்சையாக மின்னியது.

காணோம் சாருக்குப் புல்லரித்தது. ஏழுக்கு ஏழு. வரிசைகூட மாறவில்லை. குடையை இரண்டு கையாலும் எடுத்துக்கொடுத்தார். டிரைவர் அதை விரித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக அவர் முகம் முழுசாகத் தெரிந்தது.

“இதேதான் சார்,” என்றார்.

சாயங்காலம் காணோம் சார் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

“ஹோல்ஃபுல்னு வார்த்தையே இல்லைன்னியே. இன்னிக்கு ஓனர் வந்து அதே வார்த்தையைச் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டான்.”

“அவர் என்ன, டிக்ஷனரி எழுதறவரா?”

“ஏழாம் நம்பர் டிரைவர்.”

டீச்சர் அவரையே பார்த்தார். “இல்லாத வார்த்தை அவர் வாயில எப்படி வந்துச்சு?”

“அந்தக் குடையைப் பார்த்தா யாருக்கும் அதான் வரும். அதுக்குப் பேர்தான் சரியான அட்ஜெக்டிவ்.”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாமல்போயிருந்த சிரிப்பு திரும்பி வந்திருந்தது. பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அடைமழைதான். செவ்வாயன்று ஒன்பது பேர். புதனன்று பதினைந்து. முன்பின் பார்த்திராத அத்தை, சித்தப்பா, மச்சான், மாமி என்று யார் யாரோ வந்தார்கள். மூச்சு விடாமல் ஏழையும் சொன்னார்கள். பேப்பர் பெரியவர் வந்து, ரோஸ் நிறத்தில் பொம்மை படம் போட்ட தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, “மாத்திரை போட்டுக்கறதுக்கு,” என்றார். ஒற்றைச் செருப்பைத் தேடி ஒருவர் வந்தார். அதற்கடுத்த நாள் அதன் ஜோடி இல்லாத இன்னொரு ஒற்றைச் செருப்பையும் அவரே வாங்கிப்போனார்.

“ஜனங்களுக்குத் தெரியாதுன்னு நாமதான் நினைக்கறோம் அக்கா. கேட்டாத்தானே சொல்லுவாங்க,” என்றார் காணோம் சார்.

“ஆமாம் சார். நல்லாச் சொல்லிக்குடுத்திருக்காங்க,” என்றார் டீக்கடை அக்கா. “பெரிய அட்டைப்பெட்டி ஏதாவது சும்மா கிடக்குதா சார்?”

மாதக் கடைசியில் நூற்று முப்பத்தொன்பது பொருள்கள் போயிருந்தன. மேல் அலமாரியில் ஒரு பை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

சுற்றறிக்கை நேரிலேயே வந்துவிட்டார். காலி அலமாரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

“மத்த ஊர்ல எல்லாம் எட்டு சதவீதம், அஞ்சு சதவீதம்னு இழுக்குது. நீங்க தொண்ணூத்தொம்பது. எப்படிங்க?”

“எல்லாம் இங்கிலீஷ் சார். அபிப்பிராயத்தை முன்னாடி வெச்சேன்.”

“முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து உங்களைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கறேன். ஊர் ஊரா போய் எல்லாருக்கும் நீங்கதான் இதைக் கத்துக்குடுக்கணும்.”

காணோம் சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தோற்றிருந்தால் பதினோரு மணி நேரத் தூரம். ஜெயித்ததற்கு ஊர் ஊராக. டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது கவுண்டருக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

“சார், ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா? அதுக்கப்புறம் ஏதாவது பை வந்துச்சா?”

அதே நர்ஸ். அதே தூக்கக் கண்.

“இதோ, நேரடியாவே பாக்கலாமே,” என்று சுற்றறிக்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சொல்லுங்கம்மா, எப்படி இருக்கும்?”

“அழகா, பெருசா, தேன் நிறத்துல…”

சுற்றறிக்கை திரையைப் பார்த்தார். “ஒண்ணுகூட பொருந்தலை. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க.”

காணோம் சார் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. ஏழு வார்த்தையைத் திரையில் பார்த்தார். எல்லாம் அவர் எழுதியது. சுற்றறிக்கையின் முன்னால் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வேலைக்கே ஆபத்து வரலாம். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பையை எடுத்துக் கவுண்டரின் மேல் வைத்தார்.

நர்ஸ் பையைப் பார்க்கக்கூட இல்லை. அவர் பார்வை காணோம் சார் முகத்தில்தான் இருந்தது. கை தானாகப் போனது. கட்டைவிரல் கிளிப்பை மேலே தள்ளி, லேசாக இடப்பக்கம் சாய்த்தது. மூன்று மாதமாக யாருக்கும் மசியாத பை, டக்கென்று திறந்துகொண்டது.

“எடுத்துட்டுப் போங்கம்மா,” என்றார் காணோம் சார்.

“என்ன பண்றீங்க?” சுற்றறிக்கை எழுந்துவிட்டார். “ஏழுல ஒண்ணுகூட சரியில்லை.”

“ஆமாம் சார். ஏழும் தப்பா எழுதிட்டேன்.”

நர்ஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். இந்தத் தடவையும் நன்றி சார் என்றார். இது குத்தவில்லை.

சுற்றறிக்கை தன் டைரியை எடுத்து நீளமாக எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

“தொண்ணூத்தொம்பது இருக்கறதால பிரிவை மூட முடியாது. உங்க மேல நடவடிக்கை எடுத்தா அந்தத் தொண்ணூத்தொம்பதும் சந்தேகத்துக்கு வரும். ஆனா, விதியைக் கண்ணு முன்னாடி மீறற ஆளை நான் ஊர் ஊரா அனுப்பி யாருக்குப் பாடம் எடுக்கச் சொல்றது? இங்கேயே கிடங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் உங்களுக்கு மாற்றலே கிடையாது.”

அவர் கார் கிளம்புகிற சத்தம் தேயும்வரை காணோம் சார் தலை குனிந்தே நின்றார். பிறகு போனை எடுத்தார்.

“டீச்சர், தண்டனை குடுத்துட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் இதே ஊர்தானாம்.”

மறுமுனையில் ஒரு தும்மல் கேட்டது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கவுண்டருக்கு வெளியே டீக்கடை அக்கா ஒரு டீயோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏழாம் நம்பர் டிரைவர். அவருக்கும் பின்னால் பேப்பர் பெரியவர்.

“ஆபீசர் போயாச்சா சார்?”

“போயாச்சு அக்கா.”

“இனிமே உங்களை மாத்தமாட்டாங்கல்ல?”

“மாத்தமாட்டாங்க.” காணோம் சார் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக டீ, டீயாக இருந்தது. “பாத்தீங்களா, ஒரு மொழியை ஒழுங்கா கத்துக்கிட்டா என்னவெல்லாம் நடக்குதுன்னு?”

அக்கா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் பேப்பரை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, நீயே சொல்லு என்று தலையை ஆட்டினார்.

“அப்படின்னா நாளைலேர்ந்து ஒவ்வொண்ணா திரும்பப் பஸ்லயே மறந்து வெச்சுட்டு வந்துடலாமா சார்?” என்றார் அக்கா. “முப்பத்தெட்டு குடையை வெச்சுக்கிட்டு எங்க வீட்ல காலை நீட்டிப் படுக்க இடமில்லை.”